சாதனை நிற்கலாமா?

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

நம் பள்ளி விளையாட்டு விழாவின் நிகழ்ச்சி நிரல் யாரிடமாவது பத்திரமாக இருந்தால் எடுத்துப் பாருங்கள். சிறுமியருக்கு 50 மீட்டர் ஓட்டம் உண்டு. பிறகு 100, 200, 400 மீட்டர் உண்டு. கரண்டியில் எலுமிச்சம்பழத்தை வைத்துப் பல்லில் கடித்துக்கொண்டு ஓடுவது உண்டு. சாக்கு ஓட்டம் உண்டு. தாய்மார்களுக்கு இசை நாற்காலியும் உண்டு. 400 மீட்டருக்கு மேல் ஓட விரும்பும் மாணவிக்கு மட்டும் அந்த நிரலில் ஒரு வரிகூட இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதியபின் படித்துப் பார்த்தால் குறையாகத்தான் இருக்கிறது. சிஸ்டர்களும் உடற்பயிற்சி ஆசிரியையும் பொறுத்தருள வேண்டும்.

இந்த எண்ணம் ஒரே நாளில் வந்ததன்று. பொது அறிவுப் போட்டிக்காக நம் நாட்டு ஓட்டச் சாதனைகளை ஒரு நீள நோட்டில் எழுதி வந்தேன். இடப்பக்கம் பெயர், நடுவில் நேரம், வலப்பக்கம் ஆண்டு. நேரத்தைத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று உட்கார்ந்தேன். கண் போனதெல்லாம் ஆண்டுகளின் மேல். எத்தனையோ பேர் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். சாதனைகள் மட்டும் சாவி கொடுக்க மறந்த சுவர்க் கடிகாரம் போல் நின்றுபோயிருந்தன.

முதலில் ஆடவர் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக் போட்டி. 800 மீட்டர் இறுதி ஓட்டத்தில் நம் ஸ்ரீராம் சிங் முதல் சுற்றில் முன்னணியில் ஓடினார். வென்றவர் கியூபா நாட்டு ஹுவான்டொரேனா. 1 நிமிடம் 43.50 வினாடி, அன்றைய உலக சாதனை. நம்மவர் ஏழாவதாக வந்தார். ஏழாவது என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். அவருடைய 1 நிமிடம் 45.77 வினாடியை இன்னோர் இந்தியர் முந்தியது 2018ஆம் ஆண்டில்தான். கேரளத்து ஜின்சன் ஜான்சன் 1 நிமிடம் 45.65 வினாடியில் ஓடினார். 42 ஆண்டுகளில் குறைந்தது ஒரு வினாடியில் எட்டில் ஒரு பங்கு! கண்ணை ஒருமுறை மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

அதே மாண்ட்ரியலில் 10,000 மீட்டர் ஓடிய ஹரி சந்த் 28 நிமிடம் 48.72 வினாடி எடுத்துக்கொண்டார். அது 2008இல் சுரேந்திர சிங் ஸ்பெயினில் ஓடி முறியடிக்கும்வரை 32 ஆண்டுகள் நின்றது. 1981இல் டோக்கியோவில் கோபால் சைனி 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில், அதாவது தடைகளையும் நீர்த்தொட்டியையும் தாண்டி ஓடும் ஓட்டத்தில், படைத்த சாதனை 37 ஆண்டுகள். 1992இல் பகதூர் பிரசாத் பர்மிங்காமில் 5000 மீட்டரில் படைத்தது 30 ஆண்டுகள். ஏதோ ஓர் ஓட்டத்தில் இப்படி என்றால் தற்செயல் எனலாம். எல்லா ஓட்டத்திலும் இப்படி என்றால் எங்கோ கோளாறு இருக்கிறது.

முப்பது ஆண்டுகளாக முறியடிக்கப்படாத சாதனை என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். எனக்கு அது பெருமையாகத் தோன்றவில்லை. தாத்தா வெட்டிய கிணற்றில் இன்னும் நீர் இருக்கிறது என்றால் அது தாத்தாவுக்குப் பெருமை. பேரன் அதன்பின் ஒரு முழம்கூட ஆழப்படுத்தவில்லை என்றால் அது பேரனுக்குமா பெருமை? நாமக்கல் பக்கத்துக் கிணறுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஹரி சந்தின் கால்களுக்குப் பின் பிறந்த கால்கள் எல்லாம் பலவீனமானவையா? இருக்க முடியாது. நம் தேசிய போட்டியில் ஒருவர் மற்றவர்களை விட முன்னால் போய்விட்டால், அதற்கு மேல் விரைய அவருக்குத் தேவை என்ன? தங்கம் கிடைத்துவிடும். ஹரி சந்தே 1978இல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டில் 5000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர். வெல்வதற்குச் சாதனை தேவையில்லை. முன்னால் ஒருவன் ஓடும்போதுதான் சாதனை தேவைப்படுகிறது. தனியாக ஓடுகிறவருக்கு எதிரி கடிகாரம் மட்டுமே, அதுவோ முகம் இல்லாதது.

இதற்குச் சான்று சமீப ஆண்டுகளிலேயே இருக்கிறது. மகாராஷ்டிர மாநிலத்தின் வறண்ட பீட் மாவட்டத்தில் பிறந்து, இராணுவத்தில் சேர்ந்து, பனிமலையில் காவல் காத்தவர் அவினாஷ் சாப்ளே. கோபால் சைனியின் 37 ஆண்டுச் சாதனையை 2018இல் புவனேசுவரத்தில் முறியடித்தவர் இவர்தாம். அதன்பின் தம் சாதனையைத் தாமே திரும்பத் திரும்ப உடைத்து, 2022இல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் வெள்ளி பெற்றார். அதே ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 5000 மீட்டரை 13 நிமிடம் 25.65 வினாடியில் ஓடி, பகதூர் பிரசாத்தின் 30 ஆண்டுப் பூட்டையும் திறந்தார். அவர் பயிற்சி பெற்ற இடம் கொலராடோ ஸ்பிரிங்ஸ். அது கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1840 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரமான இடத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு குறைவு. அதை ஈடுகட்ட உடல் சிவப்பணுக்களைக் கூட்டிக்கொள்கிறது. அங்கே சில வாரங்கள் பழகியவர் சமவெளிக்கு இறங்கி ஓடினால் மூச்சு எளிதாக இருக்கும். (நம் ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர். ஊட்டி 2200க்கும் மேல். கொலராடோ ஸ்பிரிங்ஸ் இரண்டுக்கும் நடுவில். நாம் ஏற்காட்டுக்குப் போனால் படகில் ஏறுகிறோம், பஜ்ஜி சாப்பிடுகிறோம், திரும்பிவிடுகிறோம்.)

குல்வீர் சிங் கதை இன்னும் வியப்பானது. 10,000 மீட்டரில் 1976 முதல் 2008 வரை, 32 ஆண்டுகளில், இந்தியச் சாதனை குறைந்தது 46 வினாடி. குல்வீர் சிங் 2024 மார்ச்சில் கலிபோர்னியாவில் 27 நிமிடம் 41.81 வினாடி ஓடினார். அவ்வாண்டு நவம்பரில் ஜப்பானில் 27 நிமிடம் 14.88. மறு மார்ச்சில், 2025இல், மீண்டும் கலிபோர்னியாவில் 27 நிமிடம் 0.22. ஒரே மனிதர் ஒரே ஆண்டில் 41 வினாடியைக் குறைத்துவிட்டார்! அவர் கால் திடீரென்று மாறிவிடவில்லை. தம்மைவிட வேகமானவர்கள் இருக்கும் பந்தயத்தில் போய் நின்றார், அவ்வளவுதான். முதல் ஆளாக வருவதை விட்டுக்கொடுத்து, நேரத்தை வாங்கிக்கொண்டு வந்தார்.

இனி நம் கணக்குக்கு வருகிறேன். அது வேறு மாதிரியானது.

1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் நடந்தது. ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 வினாடியில் வென்றார். ஓடி முடித்தவர்கள் களைத்துப் போனார்கள். சிலர் தரையில் சாய்ந்தார்கள். 800 மீட்டரை முழு வேகத்தில் ஓடினால் யாராயிருந்தாலும் களைப்பு வரும். ஆண்கள் விழுந்தால் அது வீரம். பெண்கள் விழுந்ததும் பத்திரிகைகள் அதைப் பெரிதுபடுத்தி, ஓடியவர்களில் பாதிப்பேர் மயங்கி விழுந்ததாக எழுதிவிட்டன. இறுதி ஓட்டத்தில் ஓடிய ஒன்பது பெண்களும் எல்லைக்கோட்டைக் கடந்தார்கள் என்பதே உண்மை. ஆனால் உண்மைக்கு யார் காத்திருந்தார்கள்? அந்த ஓட்டம் நீக்கப்பட்டது. மீண்டும் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடியது 1960இல் ரோமாபுரியில். நடுவில் 32 ஆண்டுகள். ஹரி சந்தின் சாதனை நின்ற அதே 32! அமெரிக்காவில்கூட மேரி டெக்கர் 1983இல் 1500 மீட்டரில் படைத்த சாதனை 2015 வரை நின்றிருக்கிறது. அதுவும் 32. இந்த எண்ணுக்கும் ஓட்டத்துக்கும் என்ன பகையோ தெரியவில்லை.

பிறகு கதவு மெல்ல மெல்லத் திறந்தது. பெண்களுக்கு 1500 மீட்டர் 1972இல் வந்தது. 3000 மீட்டரும் மாரத்தானும் 1984இல். 10,000 மீட்டர் 1988இல். 5000 மீட்டர் 1996இல். ஸ்டீபிள்சேஸ் 2008இல். ஆண்களுக்கு மாரத்தான் 1896இலேயே, முதல் ஒலிம்பிக்கிலேயே, உண்டு. நாம் அதற்கு 88 ஆண்டுகள் வாசலில் நின்றோம். அந்த 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 வினாடியில் ஓடி முடித்து, தொப்பியைக் கழற்றி அசைத்தார். யாரும் மயங்கி விழுந்த பெண்களைப் பற்றி அன்று பேசவில்லை.

இந்த இடத்தில் நான் மறைக்கல்வி வகுப்பில் கேட்டது நினைவுக்கு வருகிறது. பாஸ்கு ஞாயிறு விடியலில் கல்லறைக் கல் புரட்டப்பட்டிருக்கக் கண்ட மதலேன் மரியாள் இராயப்பரிடமும் அருளப்பரிடமும் ஓடினாள் என்று நற்செய்தியில் வாசிக்கிறோம். அவர்கள் இருவரும் கல்லறைக்கு ஓடியதும், அருளப்பர் இராயப்பரை முந்தியதும் பிறகுதான். யார் முந்தினார் என்று நாம் ஆண்டுதோறும் ஆர்வமாகக் கேட்கிறோம். முதலில் ஓடியவள் பெண் என்பதை நான் இந்த ஆண்டுதான் கவனித்தேன். அவள் உடல் தாங்குமா என்று அன்று யாரும் கேட்டதாக எழுதப்படவில்லை. புனித சின்னப்பரும் தம் நிருபங்களில் விசுவாச வாழ்வைப் பந்தய ஓட்டத்துக்கு ஒப்பிடுகிறாரே, அதில் ஆண்களுக்கு இத்தனை மீட்டர், பெண்களுக்கு இத்தனை மீட்டர் என்று பிரித்திருக்கிறாரா?

கதவு திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு பி. டி. உஷாவை விட வேறு சான்று வேண்டாம். பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டமும் ஒலிம்பிக்கில் 1984இல்தான் சேர்க்கப்பட்டது. திறந்த முதல் ஆண்டிலேயே நம் உஷா 55.42 வினாடியில் நான்காவதாக வந்து, நூறில் ஒரு வினாடியில் வெண்கலத்தை இழந்தார். இது நம் வீடுகளில் எல்லாரும் அறிந்த கதை. பலரும் அறியாதது, அந்த 55.42 அதன்பின் 39 ஆண்டுகள் அப்படியே நின்றது என்பது. 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டின் தகுதிச் சுற்றில், நமக்குப் பக்கத்துக் கோயம்புத்தூரைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் மிகச் சரியாக அதே 55.42 வினாடியில் ஓடினார். ஒரு நூறில் ஒரு பங்கு கூடவும் இல்லை, குறையவும் இல்லை! மறுநாள் வெண்கலமும் பெற்றார். அந்தச் செய்தியை வாசித்த அன்று எனக்கு மகிழ்ச்சியாகவும் இருந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது. உஷா ஓடிய நாளில் பிறந்த குழந்தைக்கு அன்று 39 வயது ஆகியிருக்குமே.

நெடுந்தூர ஓட்டத்தில் நம் பெண்கள் அப்படி ஒன்றும் உறங்கிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1995இல் நம் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டில் ஷைனி வில்சன் 800 மீட்டரை 1 நிமிடம் 59.85 வினாடியில் ஓடினார். அதை 2010இல் டின்டு லூகா 1 நிமிடம் 59.17 ஆக்கினார். 2010 ஆண்டே நம் பெண்களுக்கு நல்ல ஆண்டு. குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் கேரளத்துப் பிரீஜா ஸ்ரீதரன் 31 நிமிடம் 50.47 வினாடியில் தங்கம் பெற்றார். அவருக்குப் பின்னால் ஒரு வினாடிக்குள் வந்து வெள்ளி பெற்றவரும் இந்தியரே, நாசிக் பக்கத்துப் பழங்குடிப் பெண் கவிதா ராவத். பாருங்கள், பக்கத்தில் ஒருத்தி ஓடினால் இன்னொருத்திக்கும் இறக்கை முளைக்கிறது. ஸ்டீபிள்சேஸில் சுதா சிங் 9 நிமிடம் 55.67 வினாடியில் தங்கம் பெற்றதும் அங்கேதான்.

அந்த ஸ்டீபிள்சேஸைத்தான் நான் குறிப்பாகக் காட்ட விரும்புகிறேன். பெண்களுக்கு எல்லாவற்றிலும் கடைசியாகத் திறந்த கதவு அது. 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் சதாரா மாவட்டத்து மானாவாரிக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த லலிதா பாபர் 9 நிமிடம் 19.76 வினாடி ஓடி இறுதிச் சுற்றுக்குப் போனார். 2023இல் மீரட் பக்கத்து விவசாயி மகள் பாருல் சௌத்ரி 9 நிமிடம் 15.31. அவரே 2025இல் 9 நிமிடம் 12.46. ஆண்களின் ஸ்டீபிள்சேஸ் சாதனை 37 ஆண்டுகள் அசையாமல் கிடந்தது. பெண்கள் 15 ஆண்டுகளில் 43 வினாடியைக் கழித்துவிட்டார்கள். அடுத்தடுத்து மூன்று பெண்கள் வந்தார்கள், அதனால் கடிகாரம் ஓடியது.

ஆனால் எல்லாவற்றிலும் இப்படி இல்லையே! 5000 மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். சுனிதா ராணி 2002இல் 15 நிமிடம் 18.77. பிரீஜா 2010இல் 15 நிமிடம் 15.89. பாருல் 2023இல் 15 நிமிடம் 10.35. 21 ஆண்டுகளில் எட்டரை வினாடிகூட முழுதாகக் குறையவில்லை. கென்யாவின் பியாட்ரிஸ் செபெட் 2025இல் 13 நிமிடம் 58.06 வினாடியில் ஓடியிருக்கிறார். கணக்கு நோட்டில் போட்டுப் பார்த்தேன். இருவரும் ஒரே தளத்தில் ஓடினால் செபெட் எல்லைக்கோட்டைத் தொடும்போது பாருலுக்கு ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று பாக்கி இருக்கும். 10,000 மீட்டரில் பிரீஜாவின் 2010 ஓட்டத்தைச் செபெட்டின் 2024 ஓட்டத்தோடு வைத்தால் இரண்டு சுற்றுக்கும் மேல். நம் பாருல் ஹாங்சோவில் 5000 மீட்டரின் கடைசிச் சில அடிகளில் ஜப்பான் பெண்ணை முந்தித் தங்கம் பெற்றதைப் பார்த்தவர்கள், இந்தப் பெண்ணுக்குத் துணிவு போதவில்லை என்று சொல்ல மாட்டார்கள். முந்தின நாள்தான் ஸ்டீபிள்சேஸ் ஓடி வெள்ளி வாங்கியிருந்தார்! துணிவு இருக்கிறது. அந்த ஒரு சுற்றை நாம் எங்கே தொலைத்தோம் என்பதுதான் கேள்வி.

நம் போன்ற பள்ளி மைதானங்களில்தான் தொலைத்தோம் என்பது என் கருத்து. கென்யாவிலும் எத்தியோப்பியாவிலும் சிறுமியர் பள்ளி நாளிலேயே நெடுந்தூரம் ஓடிப் பழகுகிறார்கள். நம்மிடம் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு 400 மீட்டரே எல்லை. அவளுக்கு நெடுந்தூரம் வருமா, வராதா என்பது அவளுக்கே தெரிய வழியில்லை. நூறு மீட்டரில் கடைசியாக வருகிறவள், தனக்கு ஓட்டமே வராது என்று முடிவு செய்து பார்வையாளர் பக்கம் போய் உட்கார்ந்துவிடுகிறாள். அவள் மூவாயிரம் மீட்டருக்குப் பிறந்தவளாக இருக்கலாம். யார் கண்டது?

தமிழ்நாட்டில் இதற்கு விலக்கு புதுக்கோட்டைச் சீமை. நம் ஊரைப் போலவே காய்ந்த பூமி. அங்கிருந்து வந்த லட்சுமணன் 2017இல் புவனேசுவரத்தில் ஆசியப் போட்டியில் 5000, 10,000 இரண்டிலும் தங்கம் வென்றார். அங்கிருந்தே வந்த சூர்யா, 2016 கௌகாத்தி தெற்காசிய விளையாட்டில் பெண்களுக்கான அதே இரண்டு ஓட்டங்களிலும் தங்கம் வென்றார். லட்சுமணன் 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும், ஓடும்போது தளத்தின் உட்கோட்டுக்கு அப்பால் கால் வைத்துவிட்டார் என்று வெண்கலம் மறுக்கப்பட்டது. இருபத்தைந்து சுற்று ஓடிய காலில் ஓர் அடி! சாந்தி சௌந்தரராஜனும் புதுக்கோட்டைக்காரரே. 2006இல் தோஹாவில் 800 மீட்டரில் வெள்ளி பெற்று, பின்பு உடற்கூறு பற்றிய ஒரு பரிசோதனையைக் காரணம் காட்டி அதைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அவர் யாரையும் ஏமாற்றியவரல்லர். பிறந்தபடியே ஓடினார். பின்னாளில் பயிற்சியாளராகி, மற்றப் பிள்ளைகளை ஓட வைத்தார். அந்த மனம் எனக்கு வராது என்றே நினைக்கிறேன்.

இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது என் அம்மாயி, “பொட்டப்புள்ள எதுக்குக் கண்ணு அத்தன தூரம் ஓடோணும்? ஒடம்பு என்னத்துக்கு ஆகும்?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. அம்மாயி என் வயதில் குச்சிக்கிழங்குக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வாரச் சந்தைக்கு நாலு மைல் நடந்து போய், விற்றுவிட்டு, நாலு மைல் திரும்பி வந்து, கிணற்றில் தண்ணீர் இறைத்தவர். அந்த எட்டு மைலுக்கு யாரும் நேரம் குறிக்கவில்லை. உடம்பு என்னவாகும் என்றும் கேட்கவில்லை. வேலைக்காக நடந்தால் உடம்பு தாங்கும், விருப்பத்துக்காக ஓடினால் தாங்காது என்பது என்ன மருத்துவமோ.

அம்மாவின் மறுப்பு வேறு. பத்தாம் வகுப்பு, பொதுத் தேர்வு, மதிப்பெண். இதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆயினும் மாலையில் கால் மணி நேரம் ஓடிவிட்டு வந்த நாளில் இயற்கணிதம் நன்றாகத்தான் வருகிறது.

பள்ளியில் சொல்லப்படும் மறுப்புகள் மூன்று. வெயில், நேரம், பார்ப்பவர்களுக்குச் சலிப்பு. வெயிலுக்கு விடை, காலை ஏழு மணிக்கு முன் நடத்திவிடலாம். கொடியேற்றத்துக்கு முன்பே முடிந்துவிடும். நேரத்துக்கு விடை, 1500 மீட்டரில் கடைசியாக வருகிறவளுக்கும் பத்து நிமிடம் போதும். சென்ற விழாவில் இசை நாற்காலி அதைவிட நீண்டது (அதில் என் அம்மா மூன்றாம் பரிசு பெற்றதால் இதற்கு மேல் சொல்ல மாட்டேன்). சலிப்பு என்பதை மட்டும் நான் ஒப்பமாட்டேன். நூறு மீட்டரில் யார் ஓடுகிறாள் என்று கண்டுபிடிப்பதற்குள் ஓட்டம் முடிந்துவிடுகிறது. ஏழரைச் சுற்று ஓட்டத்தில் ஒவ்வொருத்தியும் நம் முன்னால் ஏழு முறை வருவாள். முதல் சுற்றில் சிரித்துக்கொண்டு போனவள் ஐந்தாம் சுற்றில் எப்படி வருகிறாள், பின்னால் இருந்தவள் எப்போது முன்னே வந்தாள் என்று பார்க்கப் பார்க்கத்தான் தெரியும். சுற்றுகளை எண்ண எட்டாம் வகுப்பு மாணவியர் எண் அட்டையுடன் நிற்கலாம். மணி ஒன்று வேண்டும், கடைசிச் சுற்றுக்கு அடிக்க. ஆலய மணி போதும் என்று நான் கேட்கவில்லை, கைமணி போதும்.

கடைசியாக ஓர் ஒப்புதல் வாக்குமூலம். சென்ற செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, சிறப்பு வகுப்புக்கு முன், தோழி ஒருத்தி ஸ்டாப் வாட்சுடன் நிற்க, நான் நம் மைதானத்தை ஏழரைச் சுற்று ஓடினேன். சுற்றுக்கு 200 மீட்டர் என்று நாடா பிடித்து அளந்த பிறகுதான் ஓடினேன். 6 நிமிடம் 58 வினாடி. இந்தியாவில் 2021இல் ஹர்மிலன் பெய்ன்ஸ் 1500 மீட்டரை ஓடிய நேரம் 4 நிமிடம் 5.39 வினாடி. அவர் முடிக்கும்போது எனக்கு இன்னும் மூன்று சுற்று இருந்திருக்கும். ஆனாலும் இங்கே இதற்கு முன் யாரும் நேரம் குறித்து 1500 ஓடியதாக எழுத்தில் இல்லாததால், என்னுடையதே பள்ளிச் சாதனை என்று விளையாட்டுப் பொருள் அறைக் கதவின் உட்பக்கத்தில் சாக்கட்டியால் எழுதி வைத்தேன்.

அது நின்றது பதினொரு நாட்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, காலில் செருப்பும் இல்லாமல், 6 நிமிடம் 51 வினாடியில் ஓடிவிட்டாள். என் எண்ணைக் கையால் அழித்துத் தன் எண்ணை எழுதியிருந்தாள். இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள் அவளே வந்து, “அக்கா, சேர்ந்து ஓடலாமா?” என்று கேட்டாள். அரையாண்டுத் தேர்வு முடிந்த முதல் சனிக்கிழமை காலை ஆறரைக்கு என்று பேசியிருக்கிறோம். இன்னும் நான்கு பேர் வருவதாகச் சொல்கிறார்கள். ஸ்டாப் வாட்சை டீச்சரே கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.